எச்.265-க்கு மாறியும் கோப்பின் அளவு பாதியாகக் குறையாதது ஏன்?

வினா – பதிவுக்காப்பகம்

வணக்கம். விரிவுரைப் பதிவுகளை நெடுநாள் பாதுகாப்புக்காக மறுகுறியாக்கம் செய்து வைக்கும் பணியில் ஈடுபட்டிருக்கிறேன். பதிவுகள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் உள்ளவை: முக்காலியில் நிறுத்திய அசையாத கேமரா, ஒரு பக்கம் பேச்சாளர், மறுபக்கம் திரையில் விழும் ஸ்லைடுகள், பின்னால் மங்கலான வெளிச்சத்தில் ஒரு சுவர். அளவு 1920×1080, நொடிக்கு 25 பிரேம்கள். மூலக்கோப்புகள் கேமராவே உயர்ந்த பிட் வீதத்தில் எழுதிய எச்.264 (காணொளிச் சுருக்கத் தரநிலை) கோப்புகள்.

இதுவரை எக்ஸ்264 குறியாக்கியை மீடியம் வேகத்தில், சிஆர்எஃப் (எண் குறையக் குறையத் தரம் கூடும் அமைப்பு) 23 என்ற அளவில் பயன்படுத்தி வந்தோம். அதன் அடுத்த தலைமுறையாகிய எச்.265 அதே தரத்தைப் பாதி அளவில் தரும் என்று எங்கும் எழுதப்பட்டிருப்பதால், எக்ஸ்265-க்கு மாறி, அதன் இயல்பான அமைப்பாகிய சிஆர்எஃப் 28-ஐ வைத்துச் சில பதிவுகளைக் குறியாக்கம் செய்து பார்த்தோம். வெளிச்சமான அறையில் எடுத்தவை நன்றாகச் சுருங்கின. இருண்ட அறையில் எடுத்தவற்றில் குறைவு மிகச் சொற்பம். அதோடு, சுவரின் மெல்லிய சொரசொரப்பு மறைந்து, மெழுகு பூசியதுபோல் தெரிகிறது. சிஆர்எஃப் எண்ணைக் குறைத்தால் சொரசொரப்பு ஓரளவு திரும்பி வருகிறது. ஆனால் கோப்பு எக்ஸ்264 தந்ததைவிடப் பெரிதாகி விடுகிறது.

ஒரே கேமரா, ஒரே குறியாக்கி, ஒரே அமைப்பு என்றிருக்க, சுருக்கத் திறன் மட்டும் பதிவுக்குப் பதிவு இவ்வளவு மாறுவது எதனால்? இரண்டு குறியாக்கிகளை நேர்மையாக ஒப்பிடுவது எப்படி? அமைப்புகளில் எவற்றை மாற்றினால் உண்மையான பலன் கிடைக்கும், எவை வெறும் நேர விரயம்? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி – எச்சக்கணக்கு

வணக்கம் நண்பரே. உங்கள் கேள்வியில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் பின்னிக் கிடக்கின்றன. முதலில் ஒப்பீட்டை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது சுருக்கமானது.

சிஆர்எஃப் என்பது எல்லாக் குறியாக்கிகளுக்கும் பொதுவான தர அளவுகோல் அன்று. எக்ஸ்264-இன் 23-உம் எக்ஸ்265-இன் 28-உம் ஏறக்குறைய இணையானவை என்று சொல்லப்படுவது ஒரு தொடக்கப் புள்ளிக்கான ஊகம் மட்டுமே. காட்சிக்குக் காட்சி அந்த இணை மாறும். தரம் சமமா என்று பார்க்காமல் கோப்பின் அளவை மட்டும் பார்த்தால், எந்தக் குறியாக்கி திறமையானது என்று எதுவும் சொல்ல முடியாது. தரநிலைகளை உருவாக்கும் குழுக்கள் ஒவ்வொரு காணொளியையும் நான்கு வெவ்வேறு குவாண்டமாக்க (மதிப்புகளைப் படிகளாக உருட்டும்) அளவுகளில், வழக்கமாக 22, 27, 32, 37 ஆகியவற்றில், குறியாக்கம் செய்து, பிட் வீதத்தையும் தரத்தையும் ஒரு வளைகோடாக வரைகின்றன. இரண்டு குறியாக்கிகளின் வளைகோடுகளுக்கு இடையே உள்ள சராசரி இடைவெளிதான் ‘இத்தனை விழுக்காடு சேமிப்பு’ என்று அறிவிக்கப்படுகிறது. கிஸ்லே பியோன்டெகார்ட் 2001-இல் முன்வைத்த இந்த முறை இன்றும் வழக்கில் உள்ளது. நீங்களும் இருண்ட பதிவிலிருந்து ஒரு துண்டு, வெளிச்சமான பதிவிலிருந்து ஒரு துண்டு எடுத்து, இரண்டு குறியாக்கிகளிலும் நான்கு புள்ளிகள் வீதம் வரைந்து பாருங்கள். ‘பாதி’ என்ற வாக்குறுதியும் ஆதாரமில்லாதது அன்று. மனிதர்களைப் பார்க்க வைத்து மதிப்பெண் வாங்கிய அதிகாரப்பூர்வச் சோதனையில், எச்.264-உடன் ஒப்பிட எச்.265-இன் சராசரிச் சேமிப்பு 59 விழுக்காடு என்று 2016-இல் வெளியிட்டார்கள். ஆனால் அங்கே பயன்பட்டவை பொறுமையாக எல்லா வாய்ப்புகளையும் தேடிப் பார்க்கும் மேற்கோள் குறியாக்கிகள், அதாவது தரநிலையின் மாதிரி மென்பொருள்கள். காட்சிகளும் பெரும்பாலும் நல்ல வெளிச்சத்தில், நல்ல கேமராக்களால் எடுக்கப்பட்டவை.

இனி உங்கள் இருண்ட சுவருக்கு வருகிறேன். விடை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

சுருக்கப்படாத உங்கள் காணொளியில் ஒரு பிக்சலுக்குச் சராசரியாக 12 பிட்டுகள் என்று கொண்டால், நொடிக்கு 622 மெகாபிட் வரும். அதை 2 மெகாபிட்டுக்குக் கொண்டுவருகிறோம் என்றால் 300 மடங்குக்கும் மேல் சுருக்குகிறோம். இது எப்படி முடிகிறது? பிரேமைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும், ஏற்கெனவே அனுப்பிய பகுதிகளைக் கொண்டு ஒரு முன்கணிப்பு செய்கிறோம். உண்மைக்கும் முன்கணிப்புக்கும் உள்ள வேறுபாடாகிய எச்சத்தை மட்டும் உருமாற்றி, குவாண்டமாக்கி, அனுப்புகிறோம். அகமது, நடராஜன், ராவ் ஆகியோர் 1974-இல் வெளியிட்ட கொசைன் உருமாற்றமே இன்றும் இதற்கு அடிப்படை. எச்.264-இலிருந்து எச்.265-க்கும், அதிலிருந்து 2020-இல் வந்த எச்.266-க்கும் நகரும்போது மேம்பட்டவற்றுள் பெரும்பங்கு முன்கணிப்பைச் சார்ந்தது. 16×16 ஆக இருந்த அடிப்படைக் கட்டம் 64×64 ஆகி, பிறகு 128×128 ஆனது. ஒரு பிரேமுக்குள்ளேயே கணிக்கும் முறைகள் ஒன்பதிலிருந்து 35 ஆகி, பிறகு 67 ஆயின. நகர்வைக் கணிக்கும் வடிகட்டிகள் நீண்டன. சுழற்சியையும் விரிவையும் பின்தொடரும் நகர்வு மாதிரிகள் வந்தன. கணிக்கக்கூடிய ஒன்று காட்சியில் இருந்தால் இவை எல்லாம் பயன்படும். சென்சாரின் இரைச்சல் அப்படிப்பட்டது அன்று. ஒரு பிரேமில் ஒரு பிக்சலில் விழுந்த இரைச்சலுக்கும் அடுத்த பிரேமில் அதே இடத்தில் விழும் இரைச்சலுக்கும் தொடர்பே இல்லை. எவ்வளவு புதிய தரநிலையாக இருந்தாலும் அதைக் கணிக்க வழியில்லை. ஆகவே இரைச்சலுக்கான செலவு எல்லாத் தரநிலைகளிலும் ஏறத்தாழ ஒன்றே. கோப்பின் பெரும்பகுதி இரைச்சலுக்கே போகும்போது, மற்ற பகுதியில் புதிய தரநிலை எவ்வளவு சேமித்தாலும் மொத்தத்தில் அது தெரிவதில்லை.

ஒரே ஒரு கட்டத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுவரில் 16×16 அளவுள்ள ஒரு கட்டம், 256 பிக்சல்கள். காட்சியில் எந்த அசைவும் இல்லை. இரைச்சலின் திட்ட விலக்கம் 3 ஒளிர்வு நிலைகள். மேற்கோள் பிரேமிலும் (முன்கணிப்புக்கு ஆதாரமாகும் பிரேம்) அதே அளவு இரைச்சல் தங்கியிருந்தால், இரண்டின் வேறுபாட்டில் இரைச்சல் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது: எச்சத்தின் மாறுபாடு இரட்டித்து, திட்ட விலக்கம் ஏறத்தாழ 4.2 ஆகிறது. எச்.264-இல் க்யூபி (குவாண்டமாக்க அளவைக் குறிக்கும் எண்) 28 என்றால் குவாண்டமாக்கப் படியளவு 16. மேற்கோள் மென்பொருளின் வழக்கப்படி, படியளவில் ஆறில் ஐந்து பங்குக்குக் கீழுள்ள கெழுக்கள் (உருமாற்றத்தில் கிடைக்கும் எண்கள்) சுழியாகும் என்று கொண்டால், எல்லை ஏறத்தாழ 13.3; அதாவது திட்ட விலக்கத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். 256 கெழுக்களில் எஞ்சுவது சராசரியாக ஒன்றுகூட இல்லை. கட்டம் முழுவதையும் ‘தாவு’ என்று குறித்துவிட்டு ஒரு பிட்டுக்கும் குறைவான செலவில் குறியாக்கி நகர்ந்து விடும். சுவரும் மெழுகாகிவிடும். இப்போது க்யூபியை 22-க்குக் கொண்டு வாருங்கள். படியளவு 8, எல்லை 6.7, எஞ்சும் கெழுக்கள் ஏறத்தாழ 30. ஒன்றுமில்லாத இடத்தில், ஒவ்வொரு பிரேமிலும், ஒவ்வொரு கட்டத்துக்கும் 30 கெழுக்கள். சிஆர்எஃப் எண்ணைச் சற்றுக் குறைத்ததும் உங்கள் கோப்பு திடீரென்று வீங்கியதற்குக் காரணம் இந்தச் சரிவுதான்.

இதே கணக்கு, எங்கே சேமிக்கலாம் என்பதையும் காட்டுகிறது. க்யூபி 22-இலேயே நின்று, ஒரு மேற்கோளுக்குப் பதில் முன்னும் பின்னுமாக இரண்டு பிரேம்களின் சராசரியிலிருந்து கணித்தால், மேற்கோளின் இரைச்சல் மாறுபாடு பாதியாகிறது. எஞ்சும் கெழுக்கள் 30-இலிருந்து 18-க்கு இறங்குகின்றன. மேற்கோளே தூய்மையாக இருந்தால் 7-தான் எஞ்சும். இருதிசை பிரேம்களுக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதற்கு அசைவை இருபுறமும் பின்தொடர்வது மட்டும் காரணம் அன்று. இரைச்சலைச் சராசரியாக்குவதும் ஒரு பெரிய காரணம். எச்.266-இன் மேற்கோள் குறியாக்கியும் ஏவி1 என்ற வேறொரு தரநிலையின் குறியாக்கிகளும், அதிகம் மேற்கோளாகப் போகும் பிரேம்களை மட்டும் அண்டைப் பிரேம்களோடு நகர்வு ஈடுசெய்து வடிகட்டிவிட்டுக் குறியாக்குவதும் இதே அடிப்படையில்தான். உங்கள் இருண்ட பதிவுகளுக்கு நான் சொல்லக்கூடிய முதல் பரிந்துரை, குறியாக்கத்துக்கு முன் மென்மையான, காலவழி (பிரேம்களுக்கு இடையே செய்யும்) இரைச்சல் நீக்கம். இடவழி (ஒரே பிரேமுக்குள் செய்யும்) நீக்கத்தைத் தவிருங்கள். அது எழுத்துகளின் விளிம்பைத் தின்றுவிடும்.

மறுமொழி – லாம்டா

மேலே உள்ள கணக்கு மிகத் தெளிவானது, ஏற்கிறேன். ஆனால் இரைச்சல் நீக்கத்தை முதல் பரிந்துரையாக வைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. காப்பகம் என்று கேள்வி கேட்டவர் சொல்லியிருக்கிறார். நீக்கியது திரும்ப வராது. காலவழி வடிகட்டிகூட, பேச்சாளரின் விரல் வேகமாக அசையும் இடத்திலும், ஸ்லைடு மெல்ல மங்கி மாறும் இடத்திலும் நிழல் விட்டுச் செல்லும். அதைத் தொடுவதற்கு முன், குறியாக்கியின் முடிவெடுக்கும் திறனை முழுவதுமாகப் பயன்படுத்தியிருக்கிறோமா என்று பார்ப்பதே முறை.

தரநிலை என்பது குறிவிலக்கி எப்படி வாசிக்க வேண்டும் என்பதை மட்டுமே வரையறுக்கிறது. எந்தக் கட்டத்தை எப்படிப் பிரிப்பது, எந்த முறையில் கணிப்பது என்று முடிவு செய்வது முழுக்கக் குறியாக்கியின் பொறுப்பு. எச்.265-இல் ஒரு 64×64 கட்டத்தை நான்கு நான்காக 8×8 வரை பிரிக்க 83,522 வழிகள் உள்ளன; இது பிரிப்பை மட்டும் எண்ணிய கணக்கு. கீழிருந்து மேலாக ஒப்பிட்டுக்கொண்டு வந்தால் 85 துணைக் கட்டங்களை மட்டும் மதிப்பிட்டாலே போதும் என்பது உண்மைதான். ஆனால் அந்த 85-இல் ஒவ்வொன்றுக்கும் 35 உட்பிரேம் முறைகள், பல மேற்கோள் பிரேம்கள், பல நகர்வுத் திசையன்கள், பல உருமாற்ற அளவுகள் காத்திருக்கின்றன. ஒவ்வொரு வாய்ப்புக்கும் சிதைவு எவ்வளவு, பிட் செலவு எவ்வளவு என்று கண்டு, பிட் செலவை லாம்டா என்ற எடையால் பெருக்கிச் சிதைவோடு கூட்டி, கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும் வாய்ப்பைத் தேர்வது முறை. க்யூபி 3 உயரும்போதெல்லாம் லாம்டா இரட்டிக்கிறது. அதாவது, படம் கரடுமுரடாக இருக்கலாம் என்று நாம் ஒப்புக்கொள்ளும்போது ஒவ்வொரு பிட்டின் விலையும் ஏறுகிறது. வேகமான அமைப்புகள் இந்தத் தேடலின் பெரும்பகுதியை எடுத்த எடுப்பிலேயே வெட்டிவிடும். எச்.264-ஐவிட எச்.265-இல் வாய்ப்புகள் அதிகம் என்பதால், வெட்டும்போது ஏற்படும் இழப்பும் அதிகம். எக்ஸ்265-ஐ மீடியத்தில் ஓட்டிவிட்டு எச்.265 என்ற தரநிலையை மதிப்பிடுவது சரியாகாது. ஸ்லோ அல்லது ஸ்லோவர் வேகத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். காப்பகத்துக்கு ஒருமுறைதான் குறியாக்கம் செய்யப் போகிறீர்கள். நேரத்தைச் செலவிட இதைவிட நல்ல இடம் இல்லை. வன்பொருள் குறியாக்கிகளை இந்தப் பணிக்குத் தவிர்த்து விடுங்கள்.

உங்கள் பதிவுகளுக்கு இதைவிட முக்கியமான ஒன்று, பிட்டுகளைக் காலத்தில் எப்படிப் பங்கிடுவது என்பது. ஒரு ஸ்லைடு ஐந்து நிமிடம் திரையில் நிற்கிறது என்று வையுங்கள். அது முதலில் தோன்றும் பிரேமில் அதைக் கூர்மையாக அனுப்பிவிட்டால், அடுத்து வரும் 7,500 பிரேம்களும் அந்தக் கூர்மையை ஏறத்தாழ இலவசமாகவே பெறுகின்றன. எக்ஸ்264-இல் ‘எம்பி-ட்ரீ’ என்றும் எக்ஸ்265-இல் ‘சியூ-ட்ரீ’ என்றும் பெயர்பெற்ற நுட்பம் இதைத்தான் செய்கிறது: வரவிருக்கும் பிரேம்களை முன்னதாக ஓடிப் பார்த்து, ஒரு கட்டத்தின் தகவல் எவ்வளவு தூரம் வழிவழியாகப் பயன்படப் போகிறது என்று கணித்து, அதிகம் பயன்படும் கட்டத்துக்குக் க்யூபியைக் குறைக்கிறது. எத்தனை பிரேம்களை முன்னோக்குகிறது என்பதில்தான் அதன் வலிமை உள்ளது. எக்ஸ்264-இன் இயல்பு 40. விரிவுரைகளுக்கு அதை உயர்த்துவது நல்ல பலன் தரும். நினைவகம் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது முழுப் பிரேம் (பிற பிரேம்களைச் சாராமல் தனித்து அனுப்பப்படுவது) இடைவெளி. இயல்பாக 250 பிரேம்கள். நொடிக்கு 25 என்றால் பத்து நொடிகள். ஐந்து நிமிடம் மாறாமல் நிற்கும் அந்த ஸ்லைடு, சுவரோடும் இரைச்சலோடும் சேர்த்து 30 முறை புதிதாக அனுப்பப்படுகிறது. இடைவெளியை இரட்டித்தால் அந்தச் செலவு பாதியாகும். நடுவில் தாவிப் பார்ப்பது சற்று மந்தமாகும் என்பது மட்டுமே விலை. காட்சி மாறும் இடத்தில் குறியாக்கி எப்படியும் தானாக முழுப் பிரேம் வைத்துவிடும்.

நேர விரயம் எது என்றும் கேட்டிருந்தீர்கள். மேற்கோள் பிரேம்களின் எண்ணிக்கையை உச்சத்துக்கு உயர்த்துவது உங்கள் காட்சிகளில் பெரிதாக உதவாது. அசையாத கேமராவுக்கு அண்மைப் பிரேமே பெரும்பாலும் சிறந்த மேற்கோள். நகர்வைத் தேடும் பரப்பை விரிப்பதும் அப்படியே. மெழுகுபோல் தெரிவதாக நீங்கள் சொன்ன குறைக்கு, எக்ஸ்265-இல் எஸ்ஏஓ என்ற வடிகட்டியை அணைத்துப் பாருங்கள். விளிம்புகளைச் சுற்றி எழும் அலைகளை அடக்குவதற்காக வைத்த அது, மெல்லிய சொரசொரப்பையும் சேர்த்துத் துடைத்து விடுவதுண்டு.

தொடர்ச்சி – பதிவுக்காப்பகம்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இரைச்சல் கணக்கைப் படித்த பிறகு எங்கள் கோப்புகளைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது. ஸ்லோவர் வேகம், நீண்ட முன்னோக்கு, இரட்டித்த முழுப் பிரேம் இடைவெளி ஆகியவற்றோடு வளைகோடுகள் வரைந்து பார்த்தோம். வெளிச்சமான பதிவுகளில் எக்ஸ்265 தெளிவாக முந்துகிறது. இருண்ட பதிவில் குறைந்த பிட் வீதத்தில் முந்துகிறது. பிட் வீதம் உயர உயர இரண்டு வளைகோடுகளும் நெருங்கி வருகின்றன, நீங்கள் சொன்னபடியே.

இப்போது இரண்டு ஐயங்கள். முதலாவது, விமாஃப் என்ற தர அளவுகோலின் மதிப்பெண் இரண்டுக்கும் ஒன்றாகவே வரும் ஓரிடத்தில், கண்ணுக்கு மட்டும் சுவர் படிப்படியான பட்டைகளாகத் தெரிகிறது. எதை நம்புவது? இரண்டாவது, ஏவி1-இல் இரைச்சலை நீக்கிவிட்டுப் பார்க்கும்போது மீண்டும் சேர்க்கும் வசதி உண்டு என்கிறார்கள். காப்பகத்துக்கு அது தகுமா?

மறுமொழி – மணித்துகள்

கண்ணை நம்புங்கள். விமாஃப் 2016-இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட நல்ல அளவுகோல்தான். பிக்சல் வேறுபாட்டை மட்டும் கணக்கிடும் பிஎஸ்என்ஆரைவிடப் பார்வையாளர் கருத்தோடு நன்றாக ஒத்துப்போகும். ஆனால் இருண்ட, மென்மையான பரப்பில் எழும் பட்டைகளை அது போதிய அளவு கவனிப்பதில்லை. பட்டைகளை அளப்பதற்கென்றே காம்பி என்ற தனி அளவுகோலை அதே நிறுவனம் பின்னர் உருவாக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே இதை உணரலாம். பிஎஸ்என்ஆர் இந்த விஷயத்தில் இன்னும் மோசம்: சொரசொரப்பை முற்றிலும் துடைத்துவிட்ட படத்துக்கு, வேறொரு சொரசொரப்பை வைத்த படத்தைவிட அதிக மதிப்பெண் தரும். அளவுகோல் எதுவாயினும், உங்கள் குறிப்பிட்ட ஐயம் எந்தப் பகுதியில் இருக்கிறதோ அந்தப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து அளவிடுவது நல்லது. பிரேம் முழுமைக்கும் எடுக்கும் சராசரியில் சுவர் கரைந்து போகும்.

பட்டைகளுக்கு முதல் மருந்து 10 பிட் குறியாக்கம். மூலம் 8 பிட்டாகவே இருந்தாலும் இது பயன் தரும். 8 பிட்டில் முன்கணிப்பு, வடிகட்டல், இருதிசைச் சராசரி என ஒவ்வொரு செயலின் முடிவும் 256 நிலைகளுக்குள் முழு எண்ணாக உருட்டப்பட்டு மேற்கோளில் உட்காருகிறது. அந்த உருட்டல் பிழைகள் பிரேம் பிரேமாகச் சேர்கின்றன. 10 பிட்டில் நிலைகள் 1,024 ஆவதால் பிழை நான்கில் ஒன்றாகிறது, பட்டைகளும் குறைகின்றன. எச்.264-இல் 10 பிட் கோப்புகளை வன்பொருள் குறிவிலக்கிகள் பெரும்பாலும் ஏற்பதில்லை, எச்.265-இன் 10 பிட் வகையாகிய மெயின் 10 பரவலாக ஏற்கப்படுகிறது. எனவே எச்.265-க்கு மாறுவதற்கு இதுவே ஒரு வலுவான காரணம். அடுத்து, பகுதிக்கேற்பக் க்யூபியை மாற்றும் தகவமைப்புக் குவாண்டமாக்கலில் இருண்ட பகுதிகளுக்குச் சாய்வு தரும் முறையைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்264, எக்ஸ்265 இரண்டிலும் அது மூன்றாவது முறை. கோப்பு சற்றுப் பெரிதாகும். ஆனால் அந்தப் பிட்டுகள் சுவருக்குப் போய்ச் சேரும்.

ஏவி1 பற்றி. 2018-இல் வந்த அந்தத் தரநிலை, இரைச்சலுக்கான செலவை அடியோடு மாற்றிய முதல் பரவலான முயற்சி என்பதால் எனக்கு அதன்மேல் மிகுந்த மதிப்பு உண்டு. குறியாக்கி இரைச்சலை நீக்கிய படத்தைக் குறியாக்குகிறது. நீக்கிய இரைச்சலின் தன்மையை, அதாவது எந்த ஒளிர்வில் எவ்வளவு வலிமை, அண்டைப் பிக்சல்களோடு எவ்வளவு தொடர்பு என்பதை, சில அளவுருக்களாக மட்டும் அனுப்புகிறது. குறிவிலக்கி அந்த அளவுருக்களிலிருந்து ஒரு துகள் வார்ப்பை உருவாக்கி, அதிலிருந்து சமவாய்ப்பாகத் துண்டுகளை எடுத்துப் படத்தின்மேல் இடுகிறது. இப்படிச் சேர்ப்பது முன்கணிப்புச் சுழற்சிக்கு வெளியே நடப்பதால் மேற்கோள் பிரேம்கள் தூய்மையாகவே இருக்கின்றன. எச்சக்கணக்கு அவர்கள் காட்டிய மூன்றாவது நிலையைவிடவும் நல்ல நிலை இது, ஏனெனில் எச்சத்தில்கூட இரைச்சல் இல்லை. பார்ப்பவருக்குச் சொரசொரப்பும் கிடைக்கிறது, பட்டைகளும் மறைகின்றன. ஆனால் அந்தத் துகள்கள் உங்கள் கேமரா பதிவு செய்தவை அல்ல. அவற்றின் சாயலில் புதிதாக உருவானவை. காப்பகத்தின் நோக்கம் விரிவுரையின் உள்ளடக்கம் என்றால் இதில் எந்த இழப்பும் இல்லை. பதிவே ஆவணம் என்றால், லாம்டா அவர்களின் தயக்கத்தை நானும் பகிர்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்லைடுகளைக் கணினித் திரையிலிருந்தே நேராகப் பிடித்த பதிவு தனியாக இருந்தால், அதைக் கேமராப் பதிவோடு ஒரே பிரேமில் ஒட்டாமல் தனிக் கோப்பாகக் குறியாக்குங்கள். ஏவி1-இல் உள்ள வண்ணத்தட்டு முறையும், அதே பிரேமின் முன்பகுதியிலிருந்து எழுத்து வடிவங்களை நகலெடுக்கும் முறையும் அத்தகைய படங்களுக்காகவே அமைந்தவை. ஒரே எழுத்து ஒரு ஸ்லைடில் பல முறை, பிக்சலுக்குப் பிக்சல் மாறாமல், வருவதை அவை நேரடியாகப் பயன்படுத்துகின்றன. கேமரா வழியாக வந்த ஸ்லைடில் எந்த இரண்டு எழுத்தும் பிக்சல் அளவில் ஒன்றாக இருப்பதில்லை என்பதால், அங்கே இந்த முறைகளுக்கு வேலையில்லை.

மறுமொழி – எச்சக்கணக்கு

10 பிட் பற்றிய கருத்தை முழுமையாக ஆதரிக்கிறேன். நானே சொல்லியிருக்க வேண்டிய பகுதி அது. இரைச்சல் நீக்கம் குறித்து லாம்டா சொன்னதற்கு ஒரு விளக்கம் மட்டும்: மூலக்கோப்பை வைத்துக்கொண்டு, பார்வைக்கான பிரதியில் மட்டும் நீக்குவதையே நான் கருதினேன். எல்லா மூலங்களையும் வைத்திருக்க இடமில்லை என்றால் அவர் சொல்வதே சரி.

இதுவரை யாரும் தொடாத ஒரு காரணமும் உங்கள் கோப்புகளில் இருக்கக்கூடும். உங்கள் மூலமே கேமரா எழுதிய எச்.264. கேமராவின் குறியாக்கி நிகழ்நேரத்தில் ஓட வேண்டியிருப்பதால் முழுப் பிரேம்களை அடிக்கடி வைக்கும். இருண்ட சுவர் ஒவ்வொரு முழுப் பிரேமிலும் சற்றுக் கூர்மையாகி, அடுத்த சில பிரேம்களில் மங்கி, மீண்டும் கூர்மையாகும். கண்ணுக்கு அது மெல்லிய துடிப்பாகத் தெரியும். உங்கள் குறியாக்கிக்கோ, அது காட்சியில் உண்மையாகவே நிகழும் மாற்றம். அந்தத் துடிப்பையும் நேர்மையாகக் குறியாக்கம் செய்கிறது. இரைச்சலோடு, முந்தைய குறியாக்கத்தின் கட்ட விளிம்புகளுக்கும் நீங்கள் மீண்டும் ஒருமுறை பிட் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இதைக் கண்டறிவது எளிது. மூலத்தின் ஒவ்வொரு பிரேமும் எந்த வகை, எத்தனை பைட் என்ற பட்டியலை எஃப்எஃப்புரோப் என்ற கருவி தரும். உங்கள் புதிய கோப்புக்கும் அதே பட்டியலை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூலத்தில் முழுப் பிரேம் விழும் இடங்களில் எல்லாம் புதிய கோப்பிலும் பிரேமின் அளவு குதித்தால், துடிப்பு உங்களைப் பாதிக்கிறது என்று பொருள். அப்படி இருந்தால், புதிய கோப்பின் முழுப் பிரேம் இடைவெளியை மூலத்தின் இடைவெளிக்குச் சரியான மடங்காக வைத்து, இரண்டின் முழுப் பிரேம்களும் ஒரே இடத்தில் விழுமாறு அமையுங்கள். மூலத்தின் மிகக் கூர்மையான பிரேம் உங்கள் கோப்பிலும் மேற்கோளாக அமையும். இனி எடுக்கப்போகும் விரிவுரைகளுக்கு, கேமராவில் முழுப் பிரேம் இடைவெளியை மாற்ற வழியிருந்தால் நீட்டுங்கள். அதற்கும் முன்னதாக, சென்சாரின் உணர்திறனைக் கூட்டாமல் எடுக்கக்கூடிய அளவுக்கு அந்தச் சுவரின்மேல் ஒரு விளக்கைத் திருப்பி வையுங்கள்.